கலவன்

கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த குறைதான் இது. அதனால்தான் அதை மல்லிகையோடு சேர்த்துத் தொடுக்கிறார்கள். நிறத்துக்கு இது, மணத்துக்கு அது. வேளாண் கல்லூரியில் அந்தக் குறைக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டவள் மங்கையர்க்கரசி ஒருத்திதான். கூடப் படித்தவர்கள் நெல்லுக்கும் பருத்திக்கும் போனார்கள். அவள் கனகாம்பரத்துக்கு வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவே இல்லை.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில், சிறுமலை நீலமாகத் தெரியும் ஓரிடத்தில், பூ விதைக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சித் தோட்டம் இருந்தது. அதில் வேலைக்குச் சேர்ந்து, இளமையின் பெரும்பகுதியை அந்தப் பூவுக்கு வாசம் கொடுப்பதிலேயே கழித்தாள். ஒரே ஒரு முறை, ஒரு மார்கழிக் காலையில், ஒரு செடியருகே குனிந்தபோது லேசாக ஏதோ மணத்தது. அன்று முழுவதும் அவள் யாரோடும் பேசவில்லை. பேசினால் அது கலைந்துவிடும் போலிருந்தது. சாயங்காலம்தான் தெரிந்தது, அந்தப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிய பாக்கியம் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள் என்று.

"வாசம் வர மாட்டேங்குது பாக்கியம். ஆயுசாவது குடுக்க முடியுதான்னு பாப்போம்" என்றாள் மங்கையர்க்கரசி.

"பூவுக்கு எதுக்கு டாக்டரம்மா ஆயுசு? காலையில வெச்சா ராத்திரி எடுத்துப் போடப் போறோம்."

"எடுத்துப் போடாம இருக்கத்தான்."

அவள் யோசனை எளிமையானது. பறித்த பூவுக்குக் காம்பு வழியாகத் தண்ணீர் கிடைக்காது. ஆனால் கனகாம்பரம் ஜாடியில் இருக்கிற பூ இல்லை, தலையில் இருக்கிற பூ. தலையில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, வியர்வையின் ஈரம் உண்டு. இதழ்கள் அதைக் குடித்து வாழப் பழகிவிட்டால்? வேறு ஏதோ பாசியிலிருந்து எடுத்த ஒரு குணத்தை அவள் கனகாம்பரத்துக்குள் கொண்டுவந்தாள். அதற்கும் பல வருடங்கள் போயின.

"அப்ப என் தலையிலருந்து அது சாப்பிடுமா?" என்று கேட்டாள் பாக்கியம்.

"கொஞ்சம் போல."

"பேனு மாதிரியா?"

"பேன் கடிக்கும். இது கடிக்காது."

"அப்பச் சரி. வெச்சு விடுங்க."

தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அந்தப் பூவை வைத்துக்கொண்டார்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அப்போதுதான் பறித்தது போலிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. காதோரம் ஒரு சிறு நெருப்பு அணையாமல் எரிவது போல அந்த ஆரஞ்சு நிறம் நின்றது. பாக்கியத்தின் தலையில் மட்டும் பொழுது சாய்வதற்குள் வெளுத்துப்போனது. வாடவில்லை. நிறம் மட்டும் போய்க் காகிதம் போலாகிவிட்டது.

"என்னதான் தேய்க்கிற நீ தலையில?"

"எல்லாரும் தேய்க்கிற தேங்காயெண்ணெதான். கம்பெனிப் பூவுக்கு என் தலை பிடிக்கல போல."

செடியில்தான் பிழை என்று மங்கையர்க்கரசி நினைத்தாள். ஒரே மாதிரி வளர வேண்டிய பாத்தியில் ஒன்றிரண்டு செடிகள் தடம் மாறி வரும். அவற்றுக்குக் கலவன் என்று பெயர். கலவனைப் பூக்க விட்டால் அதன் மகரந்தம் பக்கத்துச் செடிகளில் விழும், அடுத்த விதை முழுக்கக் குழம்பிப்போகும். அதனால் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். அவள் தினமும் விடிந்ததும் பாத்திகளுக்கு நடுவே குனிந்தபடி நடப்பாள். இலையின் மினுமினுப்பில், கதிர் நுனியின் வளைவில் அவளுக்குக் கலவன் தெரிந்துவிடும். ஒரு கையால் மண்ணை அழுத்திக்கொண்டு, மறு கையால் வேரோடு எடுப்பாள். அதில் ஒரு அமைதி இருந்தது. உலகத்தில் இந்த நாலு ஏக்கரில் மட்டுமாவது எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கிறது என்ற அமைதி.

ஆனால் கலவன்களை எவ்வளவு எடுத்தாலும் பாக்கியத்தின் தலையில் பூ வெளுத்தது. பிறகு அவளைச் சோதனையிலிருந்து விட்டுவிட்டார்கள்.

அந்த ரகத்துக்குக் கம்பெனி 'அரசி' என்று பெயர் வைத்தது. பாக்கெட்டின் மேல் பெயர் பெரிதாக இருந்தது. சந்தையில் அரசிப் பூ என்று கேட்டு வாங்கினார்கள். பூக்கடையைத் தாண்டும்போதெல்லாம் மங்கையர்க்கரசி காரணமில்லாமல் நடையைக் குறைத்துக்கொள்வாள்.

சில வருடங்கள் கழித்து ஒரு காலையில் பாக்கியம் பாத்தி நடுவில் நின்றுகொண்டு, பக்கத்தில் களை எடுத்தவளிடம் கேட்டாள்: "ஏத்தா, இங்க பூந்தோட்டம் ஒண்ணு இருக்குமே, அது எங்கிட்டு?"

களை எடுத்தவள் சிரித்தாள். மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. அவள் அம்மா இப்படித்தான் ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டு சமையலறை எங்கே என்று கேட்டார். அதன் பிறகு ஒவ்வொன்றாக மறந்து, கடைசியில் விழுங்குவதையும் மறந்து போய்ச் சேர்ந்தார்.

அதற்கடுத்த மாதமே கம்பெனி மேலாளர் ரகோத்தமன் சென்னையிலிருந்து வந்தார். கையில் இளநீரோடு வரப்பில் நின்றுகொண்டு, ரொம்ப நாளாக வைத்திருந்த நல்ல செய்தியைச் சொல்பவர் போலப் பேசினார்.

"உங்க பூ பெரிய வேலை செய்யுது மேடம். நாடு பூரா வெளுத்துப்போச்சுன்னு புகார் வந்த தலைகளை எல்லாம் தேடிப் பாத்தோம். எல்லாருக்கும் மறதி நோய். சிலருக்கு வந்தாச்சு. மத்தவங்களுக்கு டெஸ்ட் எடுத்ததுல, வரப்போகுதுன்னு தெரியுது."

"அதெப்படிப் பூவுக்குத் தெரியும்?"

"நோய் வெளியில தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே தலையில சுரக்கிற எண்ணெய் மாறிடுதாம். நம்ம மூக்குக்குத் தெரியாது. உங்க பூ அதைக் குடிக்குதில்ல, அதுக்கு ருசி தெரியுது. முன்கூட்டியே தெரிஞ்சா நல்லதுதானே மேடம்?"

"மருந்து இருக்கா?"

"இன்னும் இல்லை."

"அப்ப தெரிஞ்சு என்ன சார் பண்ணுவாங்க?"

"ஏற்பாடு பண்ணிக்கலாம். நிலத்தை எழுதி வைக்கலாம். பாக்கணும்னு நினைச்ச ஊரைப் போய்ப் பாத்துட்டு வரலாம்."

"அப்படி நினைக்கிறவங்க ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்தே தெரிஞ்சுக்கலாமே. டாக்டர் கதவைச் சாத்திட்டு அவங்ககிட்ட மட்டும் சொல்லுவார். இது அப்படி இல்ல. இதை வெச்சவ பாக்க முடியாது. பின்னாடி நிக்கிறவங்கதான் பாப்பாங்க."

"கண்ணாடி இருக்கே மேடம்."

"ஒரு கண்ணாடி போதாது சார். ரெண்டு வேணும்."

ரகோத்தமன் சிரித்துவிட்டு இளநீரை உறிஞ்சினார். அவர் கெட்டவர் இல்லை. அவர் தலையில் யாரும் பூ வைத்துப் பார்க்கப் போவதில்லை, அவ்வளவுதான்.

விஷயம் வெளியே பரவ அதிக நாள் ஆகவில்லை. பெண் பார்த்துப் பேசி முடித்தபின் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணுக்குப் பூ வைப்பது இங்கே வழக்கம். அதோடு பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. இப்போது அந்தச் சடங்குக்கு அரசிப் பூவைக் கொண்டுவந்தார்கள். வைத்துவிட்டு, கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, ஊர்க்கதை பேசி, பொழுது போகும்வரை காத்திருந்தார்கள். யாரும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில்லை. கம்பெனியே இதற்கென்று முத்திரையிட்ட ஒரு பெட்டியை விற்க ஆரம்பித்தது. அதற்கு 'பூ வைக்கும் பெட்டி' என்றே பெயர். 'பூ வெச்சாச்சா' என்ற கேள்விக்கு அதுவரை ஒரு அர்த்தம்தான் இருந்தது.

பூ வெளுத்த பெண்களின் வீட்டில் கல்யாணப் பேச்சு அதோடு முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தில் ஏதோ பார்த்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். பேங்கில் வேலை பார்த்த ஒருத்தியைப் பணம் எண்ணாத இடத்துக்கு மாற்றினார்கள். அவளுக்கு நோய் வர இன்னும் இருபது வருடம் இருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னதை எவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பெண் கிளம்பும்போது குங்குமத்தோடு பூவும் கொடுப்பார்கள் அல்லவா, அதிலும் ஒரு தயக்கம் வந்தது. கொடுத்தால் சோதிப்பது போலிருந்தது. கொடுக்காவிட்டால், அவளைப் பற்றி ஏதோ தெரிந்து ஒதுக்குவது போலிருந்தது.

அந்தப் பங்குனியில் ஒரு முகூர்த்த நாளன்று மங்கையர்க்கரசி திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் போனாள். கடைசி இருக்கையில் இடம் கிடைத்தது. பட்டுச்சேலைகளால் பேருந்து நிறைந்திருந்தது. முன்னால் வரிசையாகப் பின்னலும் கொண்டையும் தெரிந்தன. ஒரு தலையிலும் பூ இல்லை. மல்லிகைகூட இல்லை, மல்லிகை மட்டும் வைத்தால் கனகாம்பரத்தை ஏன் விட்டாய் என்ற கேள்வி வரும்.

"ஏண்டி மொட்டத் தலையா வர்ற?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தலவலிக்கா. பூ வெச்சா பாரமா இருக்கு. நீங்க?"

"எனக்கும் தலவலிதான்."

அந்த வருடம் ஜில்லா முழுக்கப் பெண்களுக்குத் தலைவலி. மங்கையர்க்கரசி அந்தத் தலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசம் இல்லாத ஒரு பூவைப் பெண்கள் எடுத்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டிருந்தாள்.

திண்டுக்கல்லில் அவள் தங்கை சௌந்தரத்தின் வீடு. சௌந்தரத்தின் ஒரே மகள் தாரகை, பல் மருத்துவமனையில் செயற்கைப் பல் செய்கிறவள். அன்று அம்மாவும் மகளும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சௌந்தரம் தட்டில் முறுக்கைக் கொட்டிய சத்தத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

"வத்தலக்குண்டு சம்பந்தம் பேசி முடிஞ்ச மாதிரிதான்க்கா" என்றாள் சௌந்தரம். "பையன் கப்பல்ல இருக்கான்ல, தை மாசம் வர்றானாம். வந்ததும் பூ வெச்சுருவோம்னு அவுக அம்மா ராஜாமணி போன் பண்ணுனாக."

"நல்லதுதானே."

"பெட்டிய அவுகளே வாங்கிட்டு வாறாகளாம்."

மங்கையர்க்கரசி கையிலெடுத்த முறுக்கைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"ஊருல இருக்கிறவுக நெல்லு விதைக்கிறாக, பருத்தி விதைக்கிறாக" என்றாள் சௌந்தரம். "நீ மட்டும் எம் மக கல்யாணத்துல வந்து முளைக்கிற மாதிரி ஒண்ண விதைச்சு வெச்சிருக்க. கல்யாணம் கட்டாம அந்தப் பூவோடயே குடும்பம் நடத்துனியே, அது உன் தங்கச்சி மகளுக்குச் செய்யுற மொறை இதுதானா?"

"அம்மா, பெரியம்மாவ விடு" என்றாள் தாரகை. அவள் வந்து மங்கையர்க்கரசியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அம்மாச்சிக்கு இருந்துச்சு. அம்மாச்சியோட அக்காவுக்கும் இருந்துச்சாம். எனக்கு வெளுத்துருச்சுன்னா என்ன பெரியம்மா பண்றது?"

"வேணாம்னு சொல்லிரு."

"எதை? பூவையா, பையனையா?"

"பூவை."

"பூ வேணாம்னு சொல்றதும் வெளுத்துருச்சுன்னு சொல்றதும் இப்ப ஒண்ணுதான்."

"பையன் என்ன சொல்றான்?"

"அவனுக்கு இதுல ஒண்ணுமே இல்ல. எங்கம்மா ஆசைப்படுது, வெச்சுக்கோயேன்கிறான். நல்லவன் பெரியம்மா. எனக்குப் பிடிச்சிருக்கு."

"ஆஸ்பத்திரில போய்த் தனியாப் பாத்துட்டு வருவமா? நான் கூட வாறேன்."

தாரகை தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தாள். "வேணாம். எனக்குத் தெரிஞ்சுக்க வேணாம். தெரிஞ்சுட்டா, வண்டிச்சாவிய எங்க வெச்சேன்னு தேடும்போதெல்லாம் அந்த நெனப்புதான் வரும். வர்றப்ப வரட்டும். அதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் இருந்துக்கறேன்."

கடைசி வாக்கியத்தை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். திரும்பி வரும் பேருந்தில் மங்கையர்க்கரசிக்கு அதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் வழக்கம்போலத் தாய்ப்பாத்திக்குப் போனாள். அடுத்த போகத்துக்கான விதை முழுவதும் அங்கிருந்துதான் போக வேண்டும். மூன்றாவது வரிசையில் ஒரு கலவன் நின்றது. இலை ஒரு பங்கு அதிகமாக மினுங்கியது. குனிந்து, மண்ணில் கை வைத்தாள். எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

கலவன்களின் குணம் அவளுக்குத் தெரியும்; ரகம் உருவான நாட்களில் சிலவற்றைத் தனியாகப் பூக்க விட்டுச் சோதித்திருக்கிறாள். அவற்றில் சில எந்தத் தலையில் வைத்தாலும் வெளுக்கும். சில வெயிலுக்கு வெளுக்கும். சில இன்று வெளுக்கும், நாளை அதே தலையில் வெளுக்காது. சில எதற்குமே வெளுக்காது. செடியாக நிற்கும்போதுதான் அவளால் பிரித்துச் சொல்ல முடியும். பறித்துச் சரத்தில் சேர்த்துவிட்டால் அவளுக்கும் தெரியாது, வேறு எவருக்கும் தெரியாது. கம்பெனியிடம் சொல்லி விற்பனையை நிறுத்த முடியாது, கேட்டுப் பார்த்தாகிவிட்டது. பூவை ஒழிக்கவும் முடியாது. ஆனால் பூ சொல்வதை யாரும் நம்பாமல் செய்துவிட முடியும்.

அதற்கு அவள் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. இத்தனை வருடமாகச் செய்துவந்த ஒன்றைச் செய்யாமல் இருந்தால் போதும்.

அந்தப் போகம் முழுவதும் அவள் பாத்திகளுக்கு நடுவே நிமிர்ந்து நடந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கட்டாவிட்டால் அது தானாகப் போய்ப் பிடுங்கிவிடும். கலவன்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பூத்தன. நல்ல பூக்கள்தான். பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் இல்லை. தேனீக்கள் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் போய்வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கும்போது தன் வீட்டுச் சாமான்களைத் தானே தெருவில் எடுத்து வைப்பது போல அவளுக்கு இருந்தது.

"டாக்டரம்மாவுக்கு இடுப்பு வலி போல" என்று களை எடுக்கும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். "குனியவே மாட்டேங்குறாக."

ஆனியில் விதை போனது. ஆடியில் நாற்று விற்றார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு சந்தைக்குப் பூ வர ஆரம்பித்தது. மார்கழி தொடக்கத்தில் ரகோத்தமன் வந்தார். இந்த முறை இளநீர் வேண்டாம் என்றார்.

"உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்ல பெட்டியைப் பிரிச்சு வெச்சிருக்காங்க மேடம். பொண்ணு தலை வெளுத்துப்போச்சு. சரின்னு மாப்பிள்ளையோட அத்தையைப் பாத்தா அவங்க தலையும் வெளுத்திருக்கு. வெத்தலத் தட்டோட நின்ன சின்னப் புள்ளைக்கும் வெளுத்திருக்கு. மிச்சப் பூவைக் குத்துவிளக்குக்குப் போட்டிருக்காங்க, அதுவும் வெளுத்திருக்கு. விளக்குக்குமா மறதி நோய்?"

"கலவன் விழுந்திருக்கு சார்."

"உங்க பாத்தியிலயா?"

அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. அது அவளை எதிர்பாராத இடத்தில் குத்தியது.

"வயசாச்சு. கண்ணு தப்பிருச்சு" என்றாள்.

"சுத்தம் பண்ண எவ்வளவு நாள் ஆகும்?"

"இனிமே முடியாது சார். விவசாயிங்க அவங்களே விதை எடுத்து வெச்சிருப்பாங்க. பக்கத்துத் தோட்டம், அதுக்குப் பக்கத்துத் தோட்டம்னு தேனீ போயிருக்கும். எங்கே பழசு, எங்கே கலவன்னு இனி யாராலும் சொல்ல முடியாது."

ரகோத்தமன் பாத்தியில் இறங்கி ஒரு கதிரைத் திருப்பிப் பார்த்தார். சந்தேகப்பட்டாரா என்று தெரியவில்லை. சந்தேகப்பட்டிருந்தாலும், ஒரு பெண் தன் பெயரைத் தானே அழித்துக்கொள்வாள் என்பதை அவரால் நம்ப முடிந்திருக்காது. பொங்கலுக்கு முன் கம்பெனி அவளுக்கு ஓய்வு கொடுத்தது. பாக்கெட்டிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டது. கல்லூரியில் அவளுக்குப் பின்னால் படித்து, இப்போது அங்கேயே பாடம் நடத்தும் ஒருவர், பாத்தியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரசி ரகத்தை உதாரணமாகச் சொல்கிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அன்று மட்டும் அவள் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் சௌந்தரத்தின் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். முதலில் இறங்கியவள் ராஜாமணி. உயரமான பெண்மணி. மாம்பழ நிறப் பட்டு. கையில் அந்த முத்திரையிட்ட பெட்டி. அவளுக்குப் பின்னால் கண் சரியாகத் தெரியாத அவள் கணவரைத் தோளைப் பிடித்து மாப்பிள்ளை இறக்கிவிட்டான்.

"பேப்பர்ல என்னென்னமோ போட்டிருக்கானே சம்பந்தி, பெட்டிப் பூவ நம்ப முடியாதுன்னு" என்று சௌந்தரம் மெல்ல ஆரம்பித்தாள்.

"வாங்குனது வாங்கியாச்சு" என்றாள் ராஜாமணி. "வெச்சுருவோம்."

பாயில் உட்கார்ந்திருந்த தாரகையின் முகம் வெளிறியிருந்தது. ராஜாமணி முத்திரையைப் பிரித்தாள். சரத்தை எடுத்து, "இங்கிட்டுத் திரும்பு தாமரை" என்றாள். யாரோ மெதுவாக, "தாரகை" என்றார்கள். "தாரகை. தாரகைதான்" என்று ராஜாமணி சிரித்தாள். தாரகையின் பின்னலில் பூவை வைத்து ஊசியைக் குத்தினாள். பிறகு தன் கொண்டைக்கு ஒரு முழம் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கூடத்தில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் கிள்ளிக் கொடுத்தாள். கொடுத்தபின் யார் மறுக்க முடியும்? வைத்துக்கொண்டார்கள்.

பிறகு கேசரி வந்தது. வடை வந்தது. காபி வந்தது. கப்பலில் மாப்பிள்ளைக்கு என்ன சாப்பாடு போடுவார்கள் என்று பேசினார்கள். யாரும் யார் தலையையும் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி சுவரோரம் நின்றாள். அவளுக்கு நேராகத் தாரகையின் பின்னல். அதில் ஒரு பூ ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்தது. அப்புறம் அதற்குப் பக்கத்தில் ஒன்று.

சௌந்தரம் காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். கூடத்தில் எல்லோர் கண்ணும் அந்தப் பின்னலுக்குப் போனது. அப்போது மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "ஏ, முத்துராக்கு, உன் தலையைப் பாரு" என்றாள். முத்துராக்கு, "என்னைய சொல்றீகளே, உங்க கொண்டை சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். ஒவ்வொருத்தியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சிலருடையது வெள்ளை, சிலருடையது ஆரஞ்சு, பலருடையது பாதிப் பாதி. சௌந்தரத்தினுடையது முழு வெள்ளை.

"காதுல பூ சுத்துவான்னு கேட்டிருக்கேன்" என்றாள் அந்த அத்தை. "கம்பெனிக்காரன் தலையிலயே சுத்திட்டான்."

முதலில் முத்துராக்கு சிரித்தாள். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. தாரகையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை எதற்கு எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். தாரகை பூவைத் தொட்டுப் பார்த்து, எடுக்காமல் விட்டுவிட்டாள். அவளுடையது எதனால் வெளுத்தது என்று மங்கையர்க்கரசிக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது நன்றாக இருந்தது.

மங்கையர்க்கரசி கை கழுவப் பின்பக்கம் போனபோது ராஜாமணியும் கூடவே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமல் நின்றாள்.

"நீங்கதான் இந்தப் பூவ உண்டாக்குனவுகன்னு சௌந்தரம் சொன்னாக."

"ஆமா."

"எம்மேல உங்களுக்குக் கோவம் இருக்கும். பொண்ணுக்குப் பரீட்சை வைக்க வந்தவன்னு."

மங்கையர்க்கரசி குழாயடியில் கையை நீட்டிக் கழுவினாள்.

"எனக்கு வெளுத்துச்சு சம்பந்தி" என்றாள் ராஜாமணி. தண்ணீர்ச் சத்தத்தைவிட மெல்லிய குரலில் சொன்னாள். "இன்னைக்கு இல்ல. மூணு வருசத்துக்கு முன்னாடி. ஒரு வளைகாப்புக்குப் போயிட்டு வந்து எடுத்துப் பாக்குறேன், வெள்ளை வெளேர்னு கெடக்கு. அப்பல்லாம் ஊருல இந்த நோய்ப் பேச்சே கெடையாது. பூவுலதான் ஏதோ கோளாறுன்னு தூக்கிப் போட்டேன். பொறகுதான் டிவியில சொன்னான். அவுகட்டயும் சொல்லல, மகன்ட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போனா எழுத்துல குடுத்துருவாக, அதுனால போகல."

அவள் ஒரு சொல்லைத் தேடுவது போலச் சற்று நின்றாள்.

"அவுகளுக்குக் கண்ணு தெரியாது. மகன் வருசத்துல பாதி நாள் கடல்ல. நானும் மறந்து, வர்றவளும் மறந்தான்னா, அந்த வீட்ல அடுப்ப யாரு அணைக்கிறது? அதுக்குத்தான் பெட்டி வாங்குனேன். வேறொண்ணும் இல்ல."

"புரியுது" என்றாள் மங்கையர்க்கரசி.

"இன்னைக்குக் கூடத்துல எல்லாத் தலையையும் பாத்தேன். பாத்ததுலருந்து ஒண்ணு கேக்கணும்னு இருக்கு." ராஜாமணி குழாயை மூடினாள். "ஏதோ கலவன்கிறாகளே, அது இப்பத்தான் வந்துச்சா? இல்ல, மூணு வருசத்துக்கு முன்னாடியும் உங்க தோட்டத்துல இருந்துச்சா?"

மங்கையர்க்கரசிக்கு அந்த வருடத்துக் காலைகள் நினைவுக்கு வந்தன. பனி விலகாத பாத்திகள். வரிசைக்கு வரிசை குனிந்து, ஒரு செடி விடாமல் தொட்டுப் பார்த்து நடந்தது. ஒரு கலவனும் அந்த வருடம் பூத்ததில்லை. வாழ்க்கையில் வேறு எதைப் பற்றியும் அவளால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்ய முடியும்.

"இருந்துச்சு" என்றாள். "அப்பவே நெறைய இருந்துச்சு. பேரு கெட்டுப்போகும்னு நான்தான் வெளிய சொல்லல."

ராஜாமணி அவள் முகத்தையே பார்த்தாள். மங்கையர்க்கரசி கண்ணை எடுக்கவில்லை. கூடத்தில் யாரோ தாரகையைக் கேலி செய்ய, மறுபடியும் சிரிப்புக் கேட்டது.

"அப்படியா" என்றாள் ராஜாமணி. மூச்சை விட்டாள். பிறகு திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். "சரம் கழண்டு விழுகுற மாதிரி இருக்கு. கொஞ்சம் நல்லா வெச்சு விடுங்க சம்பந்தி. ஊருக்குப் போற வரைக்கும் நிக்கணும்."

மங்கையர்க்கரசி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். ஊசியை உருவி வாயில் கவ்விக்கொண்டு, வெளுத்த பூவையும் வெளுக்காத பூவையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டி, அந்தக் கொண்டையில் அழுத்திக் குத்தினாள்.